தபால்காரியின் நடை

கடைப் பலகைக்கு எழுத்து எழுதுவதில் பெரியவளை அடித்துக்கொள்ள அந்த ஊரில் ஆள் கிடையாது. சலூன், மருந்துக்கடை, பல் டாக்டர், பழைய இரும்புக் கடை என்று எந்தப் பலகையை நிமிர்ந்து பார்த்தாலும் அது அவள் கை பட்டதாகத்தான் இருக்கும். ஆனால் மனுஷனை வரையச் சொன்னால் போச்சு. கண், மூக்கு, சட்டைப் பொத்தான் எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கும். உயிர் மட்டும் வந்து சேர்ந்திருக்காது.

இது ரொட்டிக்காரருக்குத் தெரியாது. அவர் கடையின் பக்கச் சுவர் வெள்ளையடித்துச் சும்மா கிடந்தது. மாவு பிசைகிறவர், அடுப்படியில் நிற்கிறவர், ரொட்டி வாங்கிப் போகிறவர்கள் என்று கடையையும் தெருவையும் அதில் வரைந்து தரவேண்டும் என்றார். பலகைக்கு ஆகும் கைதானே சுவருக்கும் என்று பெரியவளும் தலையாட்டிவிட்டாள். வீட்டில் உட்கார்ந்து ஒரு மாதிரிப் படம் போட்டு எடுத்துக்கொண்டு போனாள்.

ரொட்டிக்காரர் பெரிய உடம்புக்காரர். புருவத்திலும் காது மடலிலும் எந்நேரமும் மாவு ஒட்டியிருக்கும். ஒரு வார்த்தை பேசுமுன் அதை வாய்க்குள்ளேயே புரட்டிப் பார்க்கிறவர். படத்தைக் கையில் வாங்கி, தள்ளிப் பிடித்து, கிட்டே பிடித்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"எல்லாரும் ஏம்மா இப்படி வெறப்பா நிக்கிறாங்க? யாராவது தவறிட்டாங்களா?"

உள்ளே மாவு பிசைந்துகொண்டிருந்தவர் குபீரென்று சிரித்துவிட்டார். நாள் முழுக்க வாயைத் திறக்காத மனுஷன் அவர்; அதனாலேயே தெருவில் அவருக்கு 'ரேடியோ' என்று பெயர். ரேடியோவே சிரித்தது என்றால் படத்தின் லட்சணத்தைச் சொல்ல வேண்டியதில்லை.

பெரியவளுக்கு முகம் சுண்டிப்போனது. "கொஞ்சம் டயம் குடுங்க. பழகிட்டு வர்றேன்," என்றாள்.

"எடுத்துக்குங்க. செவுரு எங்கேயும் ஓடிடாது. அதுல இருக்கிற ஆளுங்கதான் ஓடணும்."

வீடு இரண்டு அறைதான். முன்னறையில் ஜன்னலை ஒட்டி ஒரு கைவைத்த நாற்காலி. அதில்தான் அவள் தங்கை, சின்னவள், பகலெல்லாம் இருப்பாள். அவளும் படத்தைப் பார்த்தாள். சிரித்துச் சிரித்து இருமலே வந்துவிட்டது.

"என்னடி அப்படிச் சிரிப்பு?"

"இல்லக்கா... இவரு ரொட்டியை எடுக்கிறாரா, இல்ல ரொட்டி இவரைக் கைது பண்ணிட்டுப் போகுதா?"

"சிரி சிரி. முன்பணம் வாங்காததே நல்லதாப் போச்சு."

"எந்தக் கடைக்கா?"

"ரயில் கேட்டுக்கு இந்தப் பக்கம், மூலையில இருக்கே, அந்த ரொட்டிக்கடை."

எரிகிற கொள்ளியில் தண்ணீர் ஊற்றின மாதிரி சிரிப்பு அணைந்தது. சின்னவள் படத்தை மடித்து மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு, "அங்க போறது சரி. என்னைப் பத்தி மட்டும் வாயைத் திறக்கக் கூடாது. நான் உன் தங்கச்சின்னு அங்க யாருக்கும் தெரிய வேண்டாம்," என்றாள்.

"ஏண்டி, அவங்க கிட்ட ஏதாவது திருடிட்டு வந்துட்டியா?"

"விளையாடாதக்கா. சத்தியம் பண்ணு."

பண்ணினாள். நோயாளி கேட்டால் எதையும் செய்துவிடுகிற பழக்கம் அந்த வீட்டில் வந்துவிட்டிருந்தது.

சின்னவள் தபால்காரி. காக்கிச் சட்டையும் தோளில் பையுமாக அந்தத் தெருவையும் அதைச் சுற்றிய சந்துகளையும் வருஷக்கணக்காக நடந்தே அளந்தவள். முதலில் சமதரையில் கால் தடுக்கியது. செருப்பு சரியில்லை என்று மாற்றினாள். பிறகு படி ஏறும்போது முழங்கால் ஏமாற்றியது. ஒருநாள் பையோடு விழுந்து, கடிதமெல்லாம் தேங்கின தண்ணீரில் மிதந்ததும் ஆபீஸில் உட்கார வைத்து முத்திரை குத்தச் சொன்னார்கள். அதற்கும் கை ஒத்துழைக்காமல் போனபோது வீட்டோடு வந்துவிட்டாள். டாக்டர் வாயில் நுழையாத ஒரு பெயரைச் சொல்லி, இது கூடுமே தவிரக் குறையாது என்றார். சின்னவள் அதற்குச் 'சோம்பேறிச் சீக்கு' என்று பெயர் வைத்தாள். "அத்தனை வருஷம் நடந்ததுக்கு லீவு குடுத்திருக்காங்க" என்பாள். கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். பெரியவளுக்கு மட்டும் சிரிப்பு வராது.

மறுநாளிலிருந்து பெரியவள் பஸ் நிறுத்தத்தில் போய் உட்கார்ந்தாள். சாமான் கட்டிவந்த பழுப்புத் தாளைக் கத்தரித்து அடுக்கி மடியில் வைத்துக்கொண்டு, கரித்துண்டால் ஆட்களை வரையப் பார்த்தாள். ஒருவர் மூக்கை முடிப்பதற்குள் அவர் பஸ் வந்துவிடும். இன்னொரு அம்மாள் தன்னைத்தான் வரைகிறாள் என்று தெரிந்ததும் கல்யாண போட்டோவுக்கு நிற்பதுபோல் நிமிர்ந்து நின்றுவிட்டாள். தாள்தான் தீர்ந்தது. வந்ததெல்லாம் அந்தப் பழைய மரப்பாச்சிகளே.

அப்படிப் போன ஒரு மத்தியானத்தில், வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே மழை கொட்டியது. நிறுத்தத்தில் நின்றவர்கள் நாலாபக்கமும் சிதறினார்கள். ஒருவர் தலைமேல் பையைக் கவிழ்த்துக்கொண்டு குனிந்து ஓடினார். ஒரு தாய் குழந்தையை இடுப்பில் இடுக்கி, உடம்பையே குடைபோல் வளைத்துக்கொண்டு போனாள். பெரியவளுக்கு மூக்கு முழியெல்லாம் போட நேரமில்லை. தாள் நனைவதற்குள் ஆளுக்கு ஒரே இழுப்பு: கழுத்தில் ஆரம்பித்து முதுகு வழியாகக் குதிகாலில் முடிகிற ஒரு கோடு. அதன் மேல் ரெண்டு கை, ரெண்டு கால். அவ்வளவுதான்.

வீட்டில் ஈரத் தாளைக் கொடியில் போட்டாள். சின்னவள் நாற்காலியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"அக்கா! இது ஓடுதே!"

"எது?"

"இந்தப் பொம்பளை. முகமே இல்ல. ஆனா புள்ளை நனைஞ்சிடுமேன்னு அவ படற பாடு தெரியுது பாரு."

பெரியவள் கிட்டே போய்ப் பார்த்தாள். நிஜமாகவே ஓடிக்கொண்டிருந்தது. இத்தனை நாளும் தான் ஆளை வரைந்தோம், ஆள் செய்கிற காரியத்தை வரையவில்லை என்று அப்போதுதான் உறைத்தது.

அதன்பிறகு தினமும் காலையில் ரொட்டிக்கடைக்கே போனாள். அடுப்புக்கு எதிரே மாவு மூட்டைமேல் உட்கார்ந்துகொள்ள இடம் கொடுத்தார் ரொட்டிக்காரர். வெளியே விடிந்தும் விடியாமலும் குளிர் கடிக்கும்; உள்ளே அனலில் சட்டை முதுகில் ஒட்டும். ரேடியோ மாவைப் பிசைவதைப் பார்த்தால் கையால் பிசைவதாகவே தெரியாது. குதிகாலை ஊன்றி, இடுப்பிலிருந்து ஒரு அலை கிளம்பி, தோள் வழியாக உள்ளங்கைக்கு வந்து மாவில் இறங்கும். அந்த அலையைத்தான் பெரியவள் பிடிக்கப் பார்த்தாள். முதலில் உடம்பு எங்கே சாய்கிறது என்று பார்ப்பாள். முதல் கோடு அங்கே. பாரம் எந்தக் காலில் நிற்கிறது என்று பார்ப்பாள். இரண்டாவது கோடு அங்கே. அதற்குள் ஆள் திரும்பிவிட்டால் அடுத்த தாள். பத்தில் ஒன்பது அடுப்புக்குப் போகும். ஒன்று தேறும்.

ரொட்டிக்காரரை வரைவது எளிதாக இருந்தது. நீளப் பிடி வைத்த பலகையை அடுப்புக்குள் விட்டு ரொட்டிகளை இழுக்கும்போது, அந்தப் பெரிய உடம்பு தூங்குகிற குழந்தையைத் தொட்டிலிலிருந்து தூக்குவது மாதிரி பின்னால் சாயும். வேலை ஓய்ந்த ஒரு நேரம் உண்டு. அப்போது வாசல் நிலையில் தோளைச் சாய்த்து நின்று தெருவைப் பார்ப்பார். யாரையோ எதிர்பார்க்கிற மாதிரி இருக்கும். யாரும் வரமாட்டார்கள். திரும்பி உள்ளே வந்துவிடுவார்.

தேறிய படங்களைப் பெரியவள் வீட்டுக்குக் கொண்டுவருவாள். சாப்பிட்டு முடித்ததும் சின்னவள் மேஜைமேல் ஒவ்வொன்றாகப் பரப்பச் சொல்வாள்.

"இது ரேடியோதானே? இன்னும் பேச ஆரம்பிக்கலையா மனுஷன்?"

"நேத்து 'உப்பு'ன்னு ஒரு வார்த்தை சொன்னாரு."

"கடையில கூட்டம் எப்படி? இப்பவும் வாசல்ல அந்த உடைஞ்ச கல்லுதானா?"

"கல்லு, கூட்டம்னு எல்லாத்தையும் கேக்குற. ஒரு ஆளைப் பத்தி மட்டும் கேக்க மாட்டேங்கிற."

சின்னவள் அடுத்த படத்தின் பக்கம் குனிந்தாள். கடைசியில் படங்களை அடுக்கி வைக்கும்போது ஒன்று குறைந்தது. வாசல் நிலையில் சாய்ந்து நிற்கிற படம். மறுநாள் நாற்காலி மெத்தையைத் தட்டிப் போடும்போது அது அடியில் கிடந்தது. பெரியவள் அதைப் பார்க்காத மாதிரி மெத்தையை மறுபடி வைத்துவிட்டாள்.

சுவருக்கான படங்கள் ஏறக்குறையச் சேர்ந்துவிட்ட சமயம். காலை வியாபாரம் முடிந்து, ரொட்டிக்காரர் டீயும் முந்தினநாள் ரொட்டியுமாக எதிரில் வந்து உட்கார்ந்தார். வழக்கம்போல் வார்த்தையைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"செவுத்துல இன்னும் ஒரு ஆள் வேணும்மா."

"யாரு?"

"இந்தத் தெருவுக்கு ஒரு தபால்காரம்மா வருவாங்க. இப்ப வர்றதில்லை. மாத்திட்டாங்களோ, கல்யாணம் கட்டிப் போயிட்டாங்களோ, ஆபீஸ்ல கேட்டா ஒழுங்கா யாரும் சொல்லலை. நானும் எந்த உரிமையில திரும்பத் திரும்பக் கேக்குறது?"

பெரியவள் டீ டம்ளரைக் கீழே வைத்தாள்.

"எப்படி இருப்பாங்க?"

"முகம் சொல்லத் தெரியலைம்மா. சொன்னா தப்பாப் போயிடும். நடந்து காட்டுறேன், பார்த்துக்குங்க."

எழுந்தார். வேலைக்குக் கட்டியிருந்த மேல் துணியைக் கழற்றிப் பை மாதிரி இடது தோளில் மாட்டிக்கொண்டார். கடையின் அந்தக் கோடியிலிருந்து நடந்து வந்தார். அத்தனை பெரிய உடம்பு அப்படி நடக்குமென்று யாரும் நினைத்திருக்க முடியாது. பை இழுக்கிற பக்கம் உடம்பு சாய, அதற்கு ஈடாகத் தலை மறுபக்கம் சாய்ந்திருந்தது. கால்கள் தரையை மிதிக்கவில்லை, தட்டிவிட்டுப் போயின. வாசல் வர இன்னும் நாலு எட்டு இருக்கும்போதே வலது கை நீண்டுவிட்டது, கடிதத்தை அதற்குமேல் ஒரு கணம்கூடத் தன்னிடம் வைத்துக்கொள்ள மனசில்லாத மாதிரி.

ரேடியோ பிசைவதை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

"இன்னொரு தடவை நடங்க," என்றாள் பெரியவள்.

நடந்தார். அவள் கரித்துண்டை எடுத்தாள். கழுத்திலிருந்து குதிகால் வரை ஒரே இழுப்பு. கண்ணில் நீர் முட்டியதால் தாள் சரியாகத் தெரியவில்லை. அதனால் ஒன்றும் கெட்டுவிடவில்லை. கூடப் பிறந்தவளின் நடையை யார் உட்கார்ந்து பார்க்கிறார்கள்? அவள் எங்கேயும் போய்விட மாட்டாள் என்ற நினைப்பில், பெரியவள் இத்தனை வருஷமும் பார்க்கவே இல்லை. பார்த்தவர் இவர்.

அன்று அவள் வேறெங்கும் நிற்காமல் வீட்டுக்கு வந்து, எதுவும் சொல்லாமல் அந்தத் தாளைத் தங்கையின் மடியில் வைத்தாள்.

சின்னவள் பார்த்தாள். படத்தில் இருந்தது ஒரு கனத்த ஆண்பிள்ளை உடம்பு. தோளில் துணி. சாய்ந்த தலை. நீண்ட கை.

"இது நான்," என்றாள்.

"ஆமா."

"யாருக்கா நடந்து காட்டுனது?"

"உனக்குத் தெரியாதா?"

சின்னவள் தாளின் மேல் விரலை வைத்து, அந்த நீளக் கோட்டின் வழியே மெல்லக் கொண்டுபோனாள். விரல் வளையவில்லை, மணிக்கட்டோடு முழுக் கையும் சேர்ந்துதான் நகர்ந்தது.

"உங்களுக்குள்ள என்னடி இருந்தது?" என்றாள் பெரியவள்.

"ஒண்ணும் இல்லக்கா. அதுதான் கஷ்டம். ஏதாவது இருந்திருந்தா சண்டை போட்டு மறந்திருக்கலாம். அவருக்கு லெட்டரே வராது. கரண்ட் பில்லு வரும், மாவு மில்லுலேர்ந்து விலை சொல்லி ஒரு கார்டு வரும். அதைக் குடுக்கிறதுக்கு நான் அந்தத் தெருவைக் கடைசியா வெச்சுக்குவேன். கடைசியா வெச்சா கொஞ்சம் நிக்கலாமில்ல? ஒரு பன் குடுப்பாரு. சூடா இருக்கும். மழை வரும் போலிருக்குன்னுவாரு. ஆமா போலிருக்குன்னுவேன். அவ்வளவுதான்."

"வேற ஒண்ணுமே பேசலையா?"

"ஒருநாள், பை கனமா இருக்கான்னு கேட்டாரு. இல்லைன்னேன்." அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "ஆமான்னு சொல்லியிருக்கணும்."

அவருடைய மனைவி காலமாகிப் பல வருஷம் ஆகிவிட்டது என்பது தெருவுக்கே தெரியும். பெரியவள் நேராகவே கேட்டாள். "நான் சொல்லிடட்டுமா?"

"கூடாது."

"அவர் தேடிக்கிட்டு இருக்காருடி. வாசல்ல நின்னு நின்னு அந்த நிலையே ஒரு பக்கம் தேஞ்சுபோச்சு."

"அவர் தேடுறது இவளை." தாளைத் தூக்கிக் காட்டினாள். "இந்த நடையை. அது போயிடுச்சுக்கா. நானே இப்ப அவளைத் தேடிக்கிட்டுதான் இருக்கேன். செவுத்துல போடு. நல்லாப் போடு. அங்கேயாவது நடக்கட்டும். அவருக்கு அது போதும்."

"உனக்கு?"

"எனக்குப் பசிக்குது. அடுப்பை மூட்டு."

பெரியவள் சாரம் கட்டிச் சுவரில் ஏறினாள். வேலை ஓடியது. ரேடியோவின் முதுகு அலை சுவரில் எழும்பியது. ரொட்டிக்காரரின் பின்சாய்வு வந்து உட்கார்ந்தது. கையில் ரொட்டியோடு மழைக்கு ஓடுகிற தாயைப் பார்த்து, போகிற வருகிறவர்கள் நின்று வானத்தைப் பார்த்துவிட்டுப் போனார்கள். கடைசியாகத் தபால்காரி. அவளை மட்டும் பெரியவள் தாளைப் பார்க்காமலே வரைந்தாள். முதலில் நடந்து வருகிற தபால்காரி. பிறகு இடம் மிச்சமிருந்ததால், வாசலில் நின்று காத்திருக்கிற தபால்காரி. நிற்கிறவளின் ஒரு கால் செருப்பிலிருந்து குதிகால் வெளியே வந்து காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. சின்ன வயதில் குழாயடியில் வரிசையில் நிற்கும்போது தங்கை அப்படித்தான் நிற்பாள். "காலை உள்ள வைடி, செருப்பு போயிடும்" என்று அவளைத் தினமும் அதட்டியிருக்கிறாள் பெரியவள். பிரஷ் யாரையும் கேட்காமல் அதைப் போட்டுவிட்டது.

சாரம் பிரித்த அன்று சாயங்கால வெயில் சுவரில் நேராக விழுந்தது. ரொட்டிக்காரர் வெளியே வந்து, கையைக் கட்டிக்கொண்டு, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்துக்கொண்டே நடந்தார். தபால்காரியிடம் வந்ததும் நின்றார். நடக்கிறவளைப் பார்த்துத் தலையாட்டினார். நிற்கிறவளைப் பார்த்ததும் அசையாமல் நின்றுவிட்டார்.

"இந்தக் கால்," என்றார்.

பெரியவள் பிரஷ்ஷைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"இந்தக் குதிகாலை நான் காட்டலையேம்மா. நானே மறந்துபோயிருந்தேன். இப்படித்தான் நிப்பாங்க. மழை வரும் போலிருக்குன்னு நான் சொல்லும்போது இந்தக் கால்தான் ஆடும்." திரும்பினார். "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

பெரியவள் துடைத்த பிரஷ்ஷையே மறுபடி துடைத்தாள். பொய் சொல்லலாம். ஆனால் அவ்வளவு பெரிய சுவரை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு என்ன பொய் சொல்வது?

"சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கேன். என்னை ஒண்ணும் கேக்காதீங்க."

ரொட்டிக்காரர் மேல் துணியைக் கழற்றி வாசல் ஆணியில் மாட்டினார். புருவத்து மாவை அழுத்தித் துடைத்தார். அது இன்னும் பரவியது.

"சரி, நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். சாமானை எடுத்துக்கிட்டு வீட்டுக்கு நடங்க. நான் பின்னால வர்றேன். பின்னால வர்றவனை நீங்க என்ன பண்ண முடியும்?"

"கடை?" என்றார் ரேடியோ. அது அன்றைக்கு அவருடைய முதல் வார்த்தை.

"நீ பார்த்துக்கோ."

வழியில் ஒரு திருப்பத்தில் பெரியவள் நின்று, முகத்தைத் திருப்பாமலே, "நீங்க நினைக்கிற மாதிரி இருக்காது," என்றாள். "நான் என்ன நினைக்கிறேன்னு எனக்கே தெரியலை," என்று பின்னாலிருந்து பதில் வந்தது.

சின்னவள் மடியில் கிண்ணத்தை வைத்துப் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். உரித்தது கொஞ்சம், சிதறியது நிறைய. வாசலில் இரண்டு பேருடைய காலடி கேட்டதும் நிமிர்ந்தாள். அக்காவுக்குப் பின்னால் வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு நின்ற உடம்பைப் பார்த்தாள். முகத்தில் ரத்தம் ஏறி, உடனே வடிந்தது.

"வாயைத் திறக்க மாட்டேன்னியே," என்றாள் அக்காவிடம்.

"திறக்கலைடி. வரைஞ்சேன்."

ரொட்டிக்காரர் நிலைக்கு வெளியிலேயே நின்றார். பார்வை நாற்காலிக்குப் போனது, பக்கத்தில் சாத்தியிருந்த ஊன்றுகோலுக்குப் போனது, தரையில் சிதறிய பட்டாணிக்குப் போனது, பிறகு அவள் முகத்துக்கு வந்து அங்கேயே நின்றுவிட்டது.

சின்னவள் கிண்ணத்தை மேஜைமேல் வைத்தாள். நாற்காலிக் கைகளைப் பிடித்தாள். பெரியவள் ஓடினாள்.

"யாரும் பிடிக்க வேண்டாம்," என்றாள் சின்னவள்.

முதல் முயற்சியில் எழ முடியவில்லை. உடம்பை முன்னால் சாய்த்து, பாரத்தை எல்லாம் கையில் ஏற்றி, மூச்சைப் பிடித்து இரண்டாம் தரம் எழுந்தாள். முழங்கால் நடுங்கியது. ஊன்றுகோலை நட்டாள். தலையை நிமிர்த்தி, கோபமாகவோ அழுகையாகவோ பிரித்துச் சொல்ல முடியாத குரலில் சொன்னாள்:

"நீங்க செவுத்துல போடச் சொன்னவ இப்ப இப்படித்தான் நடப்பா. நல்லாப் பார்த்துக்குங்க. பார்த்துட்டுப் போறதா இருந்தா, போங்க."

நடந்தாள். அதை நடை என்று சொல்வதற்கில்லை. ஊன்றுகோல் முன்னால் போகும். அதன்மேல் தொங்கிக்கொண்டு உடம்பு போகும். கால்கள் மனசில்லாமல் இழுபட்டுக் கடைசியாக வந்து சேரும். ஒவ்வொரு அடிக்கும் நடுவில் ஒரு முழுப் பிரயாணத்துக்கான களைப்பு. காலடியில் ஒரு பட்டாணி நசுங்கியது. பெரியவள் சுவரோடு ஒட்டி, கை இரண்டையும் வாயில் வைத்துக்கொண்டு நின்றாள்.

ரொட்டிக்காரர் ஒன்றையும் விடாமல் பார்த்தார். ஓடிவந்து தாங்கவில்லை, பார்வையைத் தாழ்த்திக்கொள்ளவும் இல்லை. அந்த அறையின் நீளம் முழுக்க அவள் வந்து சேர எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரமும் நிற்கிறவராக, நிலையில் தோளைச் சாய்த்துக்கொண்டார்.

"மெதுவாவே வாங்க," என்றார். "எனக்கு இன்னிக்கு வேற வேலை இல்லை."